நெட்வொர்க் ஷேரிலிருந்து இயங்குதளம் நிறுவுதல்: வாசகர் கேள்வி – பதில்

சர்வரில் பகிர்ந்து வைத்த கோப்புறையிலிருந்து (ஷேர்) விண்டோஸோ லினக்ஸோ நிறுவுவது பற்றியும், அதை முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பது பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் 30 கணினிகள். ஒவ்வொன்றிலும் பென் டிரைவ் செருகி விண்டோஸ் போட நாள்கணக்கில் ஆகிறது. சர்வரில் கோப்புகளை வைத்து அங்கிருந்தே நிறுவ விரும்புகிறோம். முதலில் ஒரே ஒரு கணினியில் சோதிக்க என்னென்ன வேண்டும்?

பதில்: கோப்புகளை வைக்க ஒரு கணினி, டிஸ்க்கை அழித்தாலும் பரவாயில்லை என்கிற இன்னொரு கணினி, இரண்டையும் கேபிளில் இணைக்க ஒரு சுவிட்ச். இவை போதும். நெட்வொர்க்கிலிருந்தே பூட் செய்யும் பிஎக்ஸ்இ, அதற்கான கோப்புகளை அனுப்பும் டிஎஃப்டிபி என்று முதல் நாளே இறங்க வேண்டாம். பென் டிரைவில் பூட் செய்து, நிறுவலை மட்டும் ஷேரிலிருந்து ஓட்டிப் பாருங்கள். அது சரியாக வந்த பிறகு பென் டிரைவையும் நீக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினால், எது பழுது என்று கண்டுபிடிக்கவே நேரம் போய்விடும்.

நிறுவல் வட்டின் நகலான ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே ஷேரில் போட்டால் பயனில்லை. அதை மவுன்ட் செய்து, உள்ளே இருக்கும் அனைத்தையும் ஒரு கோப்புறைக்கு நகலெடுங்கள். செட்அப் கோப்பு அந்தக் கோப்புறையின் மேல்மட்டத்திலும், விண்டோஸின் கோப்புகள் சுருக்கி அடங்கிய இன்ஸ்டால்.விம் அதன் சோர்சஸ் உள்கோப்புறையிலும் இருக்க வேண்டும். ஃபேட்32 பென் டிரைவில் 4 ஜிபி-க்கு மேற்பட்ட விம் கோப்பை வைக்க முடியாமல் துண்டு போட்டிருப்பீர்கள். ஷேரில் அந்தத் தொல்லை இல்லை.

பிறகு சர்வரில் இதற்கென்றே ஒரு பயனர் கணக்கு தொடங்குங்கள். அதற்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். விண்டோஸ் சர்வரில் ஷேர் அனுமதி ஒன்று, கோப்புறையின் என்டிஎஃப்எஸ் அனுமதி ஒன்று என்று இரண்டு உண்டு. இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லுபடியாகும். ஒன்றில் மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு 'அக்சஸ் டினைடு' வருகிறதே என்று தேடுபவர்கள்தான் அதிகம்.

சோதனைக் கணினியை விண்டோஸ் நிறுவல் பென் டிரைவில் பூட் செய்து, மொழி கேட்கும் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புக் கட்டளைத் திரை வரும். அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பது விண்டோஸ் பிஇ என்ற சிறு இயங்குதளம். அது முழுக்க நினைவகத்தில் எக்ஸ் டிரைவாக உட்கார்ந்திருக்கும். நெட்வொர்க் தானாக எழாமல் இருக்கலாம் என்பதால் முதலில் 'டபிள்யூபிஇயூட்டில் இனிஷியலைஸ்நெட்வொர்க்' கொடுங்கள். அடுத்து 'ஐபிகான்ஃபிக்'. சரியான முகவரி கிடைத்திருந்தால் சர்வரின் ஐபி முகவரிக்கு 'பிங்'. பதில் வந்தால் 'நெட் யூஸ்' கட்டளையில் இசட் டிரைவ், சர்வரின் ஐபி, ஷேரின் பெயர், பயனர் பெயர் இவற்றைக் கொடுத்து இணையுங்கள். 'டிர்' கொடுத்து இசட் டிரைவில் கோப்புகள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு, அங்கிருக்கும் செட்அப்பை ஓட்டுங்கள்.

ஒவ்வொரு படியும் தேறிய பிறகே அடுத்ததற்குப் போங்கள். விண்டோஸ் பதிப்புகளின் பட்டியல் திரையில் வந்துவிட்டால், ஷேரில் இருக்கும் இன்ஸ்டால்.விம்-ஐ அது படித்துவிட்டது என்று பொருள். பட்டியல் வராமல் ப்ராடக்ட் கீ கேட்டு நின்றால், சோதனைக்கு 'கீ இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து மேலே போகலாம்.

கேள்வி: பிங் போகிறது. ஆனால் 'நெட் யூஸ்' கொடுத்தால் சிஸ்டம் எரர் 53 என்கிறது. ஏன்?

பதில்: பிங் போவதால் கேபிளும் முகவரியும் சரி என்பது மட்டுமே உறுதி. கோப்புப் பகிர்வு டிசிபி 445 என்ற போர்ட்டில் நடக்கிறது. அது தனியாக அடைபட்டிருக்கலாம்.

சர்வரைப் பெயரால் அழைத்து 53 வந்தால், அதே கட்டளையை ஐபி முகவரியோடு கொடுத்துப் பாருங்கள். ஐபி-யில் இணைந்துவிட்டால் கோளாறு பெயர்த் தேடலில், அதாவது டிஎன்எஸ்ஸில். ஐபி-யிலும் 53 என்றால் சர்வரின் ஃபயர்வாலைப் பாருங்கள். விண்டோஸ் கணினியை ஷேர் சர்வராக வைத்திருப்பவர்கள், நெட்வொர்க் வகை 'பப்ளிக்' என்று இருக்கிறதா என்று கவனிக்கவும். பப்ளிக்கில் கோப்புப் பகிர்வு இயல்பாகவே மூடியிருக்கும்.

நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பழைய என்ஏஎஸ் பெட்டியிலிருந்து பகிர்கிறீர்கள் என்றால் காரணம் வேறாக இருக்கலாம். கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 மட்டுமே தெரிந்த பெட்டியோடு புதிய விண்டோஸ் பேசாது. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு முதல் எஸ்எம்பி 1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. லினக்ஸில் இதே பகிர்வைச் செய்யும் சாம்பாவின், 2019-இல் வந்த 4.11 பதிப்பும் அதை இயல்பாக அணைத்தே வைக்கிறது. சோதனைக்காகக்கூட எஸ்எம்பி 1-ஐத் திறந்துவிட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. வேறொரு கணினியில் ஷேரை வையுங்கள்.

எண் 53 இல்லாமல் வேறாக வந்தால், அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். 67 என்றால் சர்வரை அடைந்தாயிற்று, ஷேரின் பெயரில்தான் எழுத்துப் பிழை. 5 என்றால் அனுமதி இல்லை. 86-உம் 1326-உம் பயனர் பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு என்பதைக் குறிக்கும். பாஸ்வேர்டு சரிதான் என்று உறுதியாகத் தெரிந்தும் 1326 வந்தால், பயனர் பெயருக்கு முன்னால் சர்வரின் பெயரையும் ஒரு பின்சாய்வுக் கோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். 1219 வந்தால், அதே சர்வரோடு வேறு பெயரில் ஏற்கனவே இணைந்திருக்கிறீர்கள். பழைய இணைப்பை 'நெட் யூஸ்' கட்டளையின் டெலீட் விருப்பத்தால் துண்டித்துவிட்டு மறுபடி முயலுங்கள். 1272 வந்தால், பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் ஷேரை விண்டோஸ் மறுக்கிறது. ஷேருக்கு முறையான கணக்கு வைப்பதே தீர்வு. 1398 என்பது இரண்டு கணினிகளின் கடிகாரங்களும் ஒத்துப்போகவில்லை என்பதற்கு. மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினிகளில் இது வரும். பயாஸில் தேதியைத் திருத்தினால் போய்விடும்.

கேள்வி: பிஇ-யில் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. அதே கேபிளில் விண்டோஸ் முழுதாக ஓடும்போது முகவரி சரியாகவே வருகிறது. எங்கே தவறு?

பதில்: 169.254 என்றால் நெட்வொர்க் கார்டு வேலை செய்கிறது, முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்துதான் பதில் வரவில்லை என்று அர்த்தம். முழு விண்டோஸில் சரியாக வருவதாகச் சொல்கிறீர்கள். ஆகவே சுவிட்ச் மீதுதான் முதல் சந்தேகம்.

நிர்வகிக்கக்கூடிய சுவிட்சுகளில், நெட்வொர்க்கில் சுழல் உண்டாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ என்ற வசதி இருக்கும். கேபிளில் இணைப்பு எழுந்ததும் அந்த போர்ட் உடனே தரவைக் கடத்தாது. பழைய ஸ்பேனிங் ட்ரீயில் 15 வினாடி கவனித்து, 15 வினாடி கற்று, மொத்தம் 30 வினாடிக்குப் பிறகுதான் திறக்கும். பிஇ அதற்குள் டிஎச்சிபி-யைக் கேட்டுப் பார்த்து, பதில் வராததால் தானே ஒரு முகவரியை வைத்துக்கொள்ளும். முழு விண்டோஸ் ஏறி முடிக்கும் நேரத்தில் போர்ட் திறந்திருக்கும், அதனால் அங்கே இது தெரிவதில்லை. சோதிக்க எளிய வழி: அரை நிமிடம் பொறுத்து 'ஐபிகான்ஃபிக் ரென்யூ' கொடுங்கள். முகவரி வந்துவிட்டால் சந்தேகம் சரி. கணினிகள் இணையும் போர்ட்டுகளில் மட்டும் 'போர்ட்ஃபாஸ்ட்' அல்லது 'எட்ஜ் போர்ட்' என்ற அமைப்பை இயக்கச் சொல்லுங்கள். சுவிட்சும் சுவிட்சும் இணையும் போர்ட்டில் இதைச் செய்யக்கூடாது. அங்கே செய்தால் நெட்வொர்க்கில் சுழல் உண்டாகி எல்லாமே நின்றுபோகலாம்.

'ஐபிகான்ஃபிக்' கொடுத்தால் எந்தக் கார்டுமே தெரியவில்லை என்றால் கதை வேறு. பிஇ-க்குள் அந்தக் கார்டின் டிரைவர் இல்லை. தயாரிப்பாளர் தரும் டிரைவரைப் பிரித்து, அதிலுள்ள ஐஎன்எஃப் கோப்பை 'டிஆர்வி லோட்' கட்டளைக்குக் கொடுத்தால் அந்த முறைக்கு மட்டும் ஏறும். ஓட்டி நிறுவும் இஎக்ஸ்இ வடிவில் மட்டும் இருக்கும் டிரைவர் இங்கே உதவாது. 'டிஆர்வி லோட்' வேலை செய்தால், அதே டிரைவரை, விம் கோப்புகளைத் திருத்தும் 'டிஸ்ம்' கட்டளை மூலம், பிஇ இருக்கும் பூட்.விம்-க்குள் நிரந்தரமாகச் சேர்த்துவிடுங்கள். பூட்.விம்-இல் இரண்டு இமேஜ்கள் இருக்கும். நிறுவல் திரை ஓடுவது இரண்டாவதில். முதலாவதில் மட்டும் சேர்த்துவிட்டுத் தேடாதீர்கள். பிஇ-யில் வைஃபையை நம்பி இறங்க வேண்டாம், கேபிள்தான் சரி.

கேள்வி: விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) சோதித்தால் போதாதா?

பதில்: பெரும்பகுதிக்குப் போதும். ஸ்னாப்ஷாட் எடுத்து, தவறினால் திரும்பிப் போய், மறுபடி ஓட்டலாம். ஷேர் அனுமதி, பாஸ்வேர்டு, நிறுவல் கேட்கும் கேள்விகளுக்கு முன்பே பதில் எழுதிய தானியங்கி விடைக் கோப்பு, டிஸ்க் பிரிப்பு எல்லாவற்றையும் அங்கேயே தேய்த்து எடுத்துவிடலாம்.

சில அமைப்புகளை மட்டும் கவனியுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் நெட்வொர்க்கை நேட் முறையில் விட்டால் உள்ளிருக்கும் கணினிக்கு 10.0.2.15 என்ற முகவரி வரும். உங்கள் கணினி அதற்கு 10.0.2.2 என்று தெரியும். பிரிட்ஜ் முறைக்கு மாற்றினால் உண்மையான நெட்வொர்க்கில் இருப்பதுபோல நடக்கும், சோதனைக்கு அதுவே நல்லது. விஎம்வேரில் விஎம்எக்ஸ்நெட்3 கார்டையும், கேவிஎம்மில் விர்ட்ஐஓ கார்டையும் தேர்ந்தெடுத்தால் பிஇ-க்கு டிரைவர் தெரியாது. இன்டெல் இ1000இ வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஹைப்பர்-வி-யில் முதல் தலைமுறை மெஷினில் நெட்வொர்க் பூட் வேண்டுமானால் 'லெகசி' கார்டு சேர்க்க வேண்டும். விண்டோஸ் 11-க்கு விர்ச்சுவல் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு), 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி டிஸ்க் கொடுங்கள். இல்லாவிட்டால் நிறுவல் தகுதிச் சோதனையிலேயே நின்றுவிடும், ஷேரின் மேல் பழி விழும்.

விர்ச்சுவல் மெஷின் சொல்லாதவை டிரைவர்களும், சுவிட்சின் நடத்தையும், கேபிளின் தரமும். ஆகவே உங்களிடம் நான்கு மாடல் கணினிகள் இருந்தால், ஒவ்வொரு மாடலிலும் ஒன்றையாவது கடைசி வரை நிறுவிப் பார்த்த பிறகே மற்றவற்றைத் தொடுங்கள்.

கேள்வி: ஃபெடோரா லினக்ஸை என்எஃப்எஸ் (லினக்ஸில் வழங்கும் கோப்புப் பகிர்வு முறை) ஷேரிலிருந்து நிறுவிச் சோதிக்கிறேன். ஐஎஸ்ஓ-வை மவுன்ட் செய்து பகிர்ந்திருக்கிறேன். பூட் ஆகிறது, ஆனால் நிறுவல் மூலத்தை அமைப்பதில் பிழை என்று நிற்கிறது. சர்வரில் பார்த்தால் கோப்புகள் எல்லாம் இருக்கின்றன.

பதில்: சர்வரில் தெரிவதெல்லாம் வெளியேயும் தெரியும் என்று வைத்துக்கொள்ள முடியாது. என்எஃப்எஸ்ஸில் இதுதான் முதல் கண்ணி. பகிர்ந்த கோப்புறைக்கு உள்ளே ஒரு துணைக் கோப்புறையில் ஐஎஸ்ஓ-வை மவுன்ட் செய்திருந்தால், அது வேறொரு கோப்பு முறைமை. என்எஃப்எஸ் இயல்பாக அந்த எல்லையைத் தாண்டாது. சர்வரில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நிறைந்த கோப்புறை தெரியும், வெளியிலிருந்து வருபவருக்கு அதே கோப்புறை காலியாகத் தெரியும். பகிர்வுகளைப் பட்டியலிடும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் 'கிராஸ்மவுன்ட்' விருப்பத்தைச் சேருங்கள், அல்லது மவுன்ட் செய்த இடத்தையே தனி வரியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மாற்றியதும் 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ்' கட்டளையை 'ஆர்ஏ' விருப்பத்தோடு ஓட்ட மறக்க வேண்டாம். பிறகு மூன்றாவது ஒரு லினக்ஸ் கணினியில் அந்த ஷேரை மவுன்ட் செய்து, கோப்புகள் வெளியே தெரிகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். இந்த ஒரு நிமிட வேலை பல மறுபூட்களை மிச்சப்படுத்தும்.

மவுன்ட் செய்யாமல் நகலெடுத்திருந்தால் இரண்டாவது கண்ணி. ஐஎஸ்ஓ-வின் மேல்மட்டத்தில் 'ட்ரீஇன்ஃபோ' என்ற சிறு கோப்பு இருக்கிறது. அதன் பெயர் புள்ளியில் தொடங்குவதால் அது மறைகோப்பு. நட்சத்திரக் குறி போட்டு நகலெடுத்தால் புள்ளியில் தொடங்கும் கோப்புகள் விட்டுப்போகும். கோப்புகளின் மரம் முழுக்க வந்தாலும் இது இல்லாவிட்டால், ஃபெடோராவின் அனகோண்டா நிறுவியால் அதை நிறுவல் மரமாக அடையாளம் காண முடியாது. நட்சத்திரக் குறிக்குப் பதிலாக, மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் சாய்கோடும் ஒரு புள்ளியும் போட்டு நகலெடுங்கள், அல்லது 'ஆர்சிங்க்' பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, எந்த ஐஎஸ்ஓ என்பது. ஒர்க்ஸ்டேஷன் லைவ் ஐஎஸ்ஓ-வில் ஆர்பிஎம் என்ற மென்பொருள் தொகுப்புகளின் களஞ்சியம் கிடையாது. உள்ளே இருப்பது சுருக்கி வைத்த ஒரே இமேஜ். அதை நிறுவல் மூலமாகக் காட்ட முடியாது. சர்வர் பதிப்பின் டிவிடி ஐஎஸ்ஓ-வை எடுத்துக்கொள்ளுங்கள்.

பூட் வரியில் 'இன்ஸ்ட் புள்ளி ரெப்போ' என்பதற்குப் பிறகு சமக்குறி, 'என்எஃப்எஸ்', முக்காற்புள்ளி, சர்வர் முகவரி, மறுபடி முக்காற்புள்ளி, பாதை என்று வர வேண்டும். மவுன்ட் விருப்பம் எதையாவது சேர்க்க வேண்டுமானால் அதன் இடம் 'என்எஃப்எஸ்' என்ற சொல்லுக்கும் சர்வர் முகவரிக்கும் நடுவில். உதாரணமாக 'என்எஃப்எஸ்வெர்ஸ்' என்பதற்கு 4 என்று கொடுத்தால் நான்காம் பதிப்பு மட்டும் பயன்படும். அப்போது ஃபயர்வாலில் 2049 ஒன்றைத் திறந்தால் போதும். மூன்றாம் பதிப்புக்கு 111-உம் மவுன்ட் சேவையின் போர்ட்டும் கூடவே வேண்டும். 2049-ஐ மட்டும் திறந்துவிட்டு மூன்றாம் பதிப்பில் முயன்றால் நீண்ட நேரம் காத்திருந்து தோற்கும்.

லினக்ஸின் மையமான கெர்னலையும், அதோடு முதலில் ஏறும் இனிட்ஆர்டி-யையும் தனியாக நெட்வொர்க்கில் பூட் செய்கிறீர்கள் என்றால், அவை ஷேரில் இருக்கும் அதே மரத்திலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். போன வெளியீட்டின் கெர்னலோடு புதிய வெளியீட்டின் மரத்தைச் சேர்த்தால், இரண்டாம் கட்டம் ஏறும்போது விநோதமான பிழைகள் வரும்.

கேள்வி: நிறுவல் முடிந்துவிட்டது. ஆனால் அது உண்மையிலேயே ஷேரிலிருந்துதான் வந்ததா, இணையத்திலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ எடுத்துக்கொண்டதா என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: இதைக் கேட்காமல் 'சோதனை தேறியது' என்று எழுதிவிடுவதுதான் வழக்கம். முக்கியமான கேள்வி இது. ஃபெடோராவின் நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ, மூலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் இணையத்து மிரர்களிலிருந்து எடுக்கக்கூடியது. பூட் வரியில் எழுத்துப் பிழை விழுந்து, உங்கள் ஷேரைத் தொடாமலே நிறுவல் வெற்றிகரமாக முடிந்துவிடலாம்.

சோதனை நெட்வொர்க்கின் டிஎச்சிபி-யில் கேட்வே முகவரியைக் கொடுக்காதீர்கள். சோதனைக் கணினிக்கு ஷேர் சர்வரைத் தவிர வேறு எங்கும் போக வழியில்லை என்றாக்கிவிட்டு நிறுவுங்கள். விண்டோஸ் சோதனையில், பென் டிரைவின் சோர்சஸ் கோப்புறையில் பூட்.விம்-ஐ மட்டும் விட்டுவிட்டு இன்ஸ்டால்.விம்-ஐ நீக்கிவிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வர் பக்கத்திலும் பாருங்கள். விண்டோஸ் சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டின் 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்' பகுதியில் 'ஓப்பன் ஃபைல்ஸ்' பட்டியலில் இன்ஸ்டால்.விம் தெரிய வேண்டும். சாம்பாவில் 'எஸ்எம்பி ஸ்டேட்டஸ்' அதையே காட்டும். என்எஃப்எஸ்ஸில் நிறுவலுக்கு முன்னும் பின்னும் 'என்எஃப்எஸ் ஸ்டாட்' எண்களை எடுத்து ஒப்பிடுங்கள், படிப்புக் கோரிக்கைகள் ஏறியிருக்க வேண்டும். ஃபெடோராவில் நிறுவலின்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி வரும் திரையில் டெம்ப் கோப்புறையின் பதிவுகளைப் படிக்கலாம். முடிந்த பிறகு அவை நிறுவிய கணினியின் வார் கோப்புறைக்குள் லாக், அதனுள் அனகோண்டா என்ற இடத்தில் இருக்கும்.

கடைசியாக, எதிர்ச்சோதனை ஒன்றையும் கட்டாயம் செய்யுங்கள். ஷேரின் பெயரை மாற்றிவிட்டு அதே நிறுவலை அதே முறையில் தொடங்குங்கள். தெளிவான பிழையோடு நிற்க வேண்டும். நிற்காமல் போனால், முந்தைய வெற்றி எதையும் நிரூபிக்கவில்லை.

கேள்வி: 30 கணினிகளிலும் ஒரே நேரத்தில் தொடங்கலாமா? இமேஜ் சுமார் 5 ஜிபி.

பதில்: கணக்குப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். கிகாபிட் இணைப்பின் உச்சம் வினாடிக்கு 125 எம்பி. நடைமுறையில் 110 எம்பி அளவு எதிர்பார்க்கலாம். ஒரு கணினிக்கு 5 ஜிபி போய்ச்சேர முக்கால் நிமிடம். 30 கணினிக்கு 150 ஜிபி, சர்வரின் ஒரே கேபிள் வழியே போக சுமார் 23 நிமிடம். பரவாயில்லை. இதே இணைப்பு 100 மெகாபிட்டாக இருந்தால் வினாடிக்கு 11 எம்பிதான், 30 கணினிக்கு மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். மீதி இரண்டில் ஒரு ஜோடி சரியாகக் கிரிம்ப் ஆகாமல் விட்டால் இணைப்பு அறுபடாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். சர்வர் போர்ட்டின் வேகத்தை முதலில் பாருங்கள்.

இன்னொரு வரம்பு: சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11 கணினியை ஷேர் சர்வராக வைத்தால் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள் வரைதான். இருபத்தொன்றாவது கணினி மறுக்கப்படும். விண்டோஸ் சர்வரிலோ சாம்பாவிலோ இந்த வரம்பு இல்லை. சர்வரில் சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால், பலர் ஒரே கோப்பின் வெவ்வேறு இடங்களைப் படிக்கும்போது தலை அங்குமிங்கும் ஓடி வேகம் விழும். எஸ்எஸ்டி-யில் வைப்பதோ, இமேஜ் முழுவதும் கேஷில் அடங்கும் அளவுக்கு நினைவகம் வைத்திருப்பதோ நல்லது. ஐந்தைந்தாகத் தொடங்குவது எங்கள் பரிந்துரை. முதல் ஐந்தில் ஏதேனும் கோளாறு தெரிந்தால் மீதி 25-ஐக் காப்பாற்றலாம்.

கேள்வி: கோப்புகளை நகலெடுக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது. ஒரு தடவை 80070570, இன்னொரு தடவை 80070040 என்று எண் வந்தது.

பதில்: இரண்டும் வேறு வேறு. 80070040 என்றால் நெட்வொர்க் இணைப்பு நடுவில் அறுந்தது. கேபிள், சுவிட்ச் போர்ட், சர்வர் தூக்க நிலைக்குப் போனது இவற்றைப் பாருங்கள். மேசைக் கணினியை சர்வராக வைப்பவர்கள் ஸ்லீப் அமைப்பை அணைக்க மறந்துவிடுகிறார்கள்.

80070570 என்றால் கோப்பு பழுதானது அல்லது படிக்க முடியவில்லை. ஐஎஸ்ஓ-வைத் தரவிறக்கிய இடத்தில் கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணோடு உங்கள் ஐஎஸ்ஓ-வை ஒப்பிடுங்கள். விண்டோஸில் 'செர்ட்யூட்டில்' கட்டளையின் 'ஹேஷ்ஃபைல்' விருப்பம் (கடைசியில் 'எஸ்எச்ஏ256' சேர்த்து), லினக்ஸில் 'எஸ்எச்ஏ256சம்'. ஐஎஸ்ஓ சரியாக இருந்தால், மவுன்ட் செய்த ஐஎஸ்ஓ-வுக்குள் இருக்கும் இன்ஸ்டால்.விம்-க்கும் ஷேரில் இருக்கும் இன்ஸ்டால்.விம்-க்கும் தனித்தனியே எண் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தும் ஒரே ஒரு கணினியில் மட்டும் பிழை வந்தால், அந்தக் கணினியின் நினைவகத்தையும் டிஸ்க்கையும் சோதியுங்கள்.

காரணம் எழுதப்பட்டிருக்கும் இடம் 'செட்அப்ஆக்ட்', 'செட்அப்எர்' என்ற இரு பதிவுக் கோப்புகள். நிறுவல் நின்றதும் ரீஸ்டார்ட் செய்யாமல் ஷிஃப்ட், எஃப்10 அழுத்தி, பாந்தர் என்ற கோப்புறையில் தேடுங்கள். டிஸ்க் தயாராகும் முன் அது எக்ஸ் டிரைவில் இருக்கும், அதாவது நினைவகத்தில். ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். பென் டிரைவுக்கு நகலெடுத்துக்கொண்ட பிறகு அணையுங்கள்.

கேள்வி: நிறுவல் முடிந்து முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு, இசட் டிரைவில் வைத்திருந்த ஸ்கிரிப்ட் ஓடவில்லை.

பதில்: இசட் டிரைவ் பிஇ-க்குள் செய்த இணைப்பு. பிஇ அணைந்ததும் அதுவும் போயிற்று. முதல் ரீஸ்டார்ட்டுக்கு முன்பே இமேஜ் முழுக்க டிஸ்க்குக்கு வந்துவிடும் என்பதால் நிறுவல் மட்டும் தொடர்கிறது. செட்அப்பை 'நோரீபூட்' விருப்பத்தோடு ஓட்டி, அது முடிந்ததும் ஸ்கிரிப்டுகளைப் புதிய விண்டோஸ் இருக்கும் டிரைவுக்கு நகலெடுத்துவிட்டு, நீங்களே ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிஇ-யில் அந்த டிரைவுக்கு சி என்ற எழுத்து இல்லாமலும் போகலாம், 'டிர்' போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் தானாக நடக்கவிட, ஷேரின் பாஸ்வேர்டை பூட் ஸ்கிரிப்டில் எழுதலாமா?

பதில்: எழுதலாம், ஆனால் அந்த பென் டிரைவைக் கையில் எடுக்கும் எவரும் அதைப் படிக்க முடியும் என்று தெரிந்தே எழுதுங்கள். அதனால்தான் படிக்கும் உரிமை மட்டும் உள்ள தனிக் கணக்கு என்று முதலிலேயே சொன்னோம். நிர்வாகியின் கணக்கை அங்கே எழுதவே கூடாது. விடைக் கோப்பில் பாஸ்வேர்டு மறைத்து எழுதப்பட்டதுபோலத் தெரிந்தாலும் அது வெறும் குறிமாற்றம்தான், எளிதில் திருப்பி எடுத்துவிடலாம்.

பாஸ்வேர்டைவிட எங்களுக்குக் கவலை தருவது விடைக் கோப்பில் டிஸ்க்கை அழிக்கச் சொல்லும் வரி. அது கேள்வியே கேட்காமல் டிஸ்க் 0-ஐத் துடைத்துவிடும். இரண்டு டிஸ்க் உள்ள கணினியில் எது 0 என்பது நீங்கள் நினைப்பதாக இருக்க வேண்டியதில்லை. 'டிஸ்க்பார்ட்'டில் 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்து, அளவை வைத்து ஒவ்வொரு மாடலிலும் சரிபாருங்கள். தரவு உள்ள டிஸ்க்குகளின் கேபிளைச் சோதனையின்போது கழற்றி வையுங்கள்.

கேள்வி: பென் டிரைவே இல்லாமல், நெட்வொர்க்கிலிருந்தே பிஇ-யையும் பூட் செய்ய முடியுமா?

பதில்: முடியும். டிஎச்சிபி-யில் 66, 67 என்ற இரு விருப்பங்கள் பூட் சர்வரையும் பூட் கோப்பையும் காட்டும். கோப்பு யுடிபி 69-இல் டிஎஃப்டிபி வழியே இறங்கும். பழைய பயாஸ் கணினிக்கும் புதிய யுஇஎஃப்ஐ கணினிக்கும் பூட் கோப்பு வேறு வேறு. விருப்பம் 67-இல் ஒரே பெயரை எழுதி வைத்தால் ஏதாவது ஒரு வகை நின்றுவிடும்.

டிஎஃப்டிபி-யின் இயல்பான துண்டு 512 பைட். துண்டின் வரிசை எண் 65,535-ஐத் தாண்ட முடியாத பழைய நிரல்களில் 32 எம்பி-யோடு கோப்பு நின்றுவிடும். பூட்.விம் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஐபிஎக்ஸ்இ என்ற சிறு பூட் நிரலை டிஎஃப்டிபி-யில் ஏற்றி, பூட்.விம்-ஐ எச்டிடிபி-யில் விம்பூட் மூலம் எடுப்பது வேகமானது, நம்பகமானது. நீங்களே தொகுத்த ஐபிஎக்ஸ்இ-க்குக் கையொப்பம் இராது என்பதால் செக்யூர் பூட் அதைத் தடுக்கும்.

விண்டோஸ் சர்வரின் நெட்வொர்க் நிறுவல் சேவையான விண்டோஸ் டிப்ளாய்மென்ட் சர்வீசஸ் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: விண்டோஸ் 11 நிறுவல் வட்டிலிருக்கும் பூட்.விம்-ஐ அப்படியே அதில் கொடுத்து நிறுவும் முறையை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. நீங்களே தயாரித்த பிஇ-யை அதன் மூலம் பூட் செய்து, ஷேரில் இணைந்து செட்அப்பை ஓட்டுவது இன்னும் நடக்கும்.

இந்தச் சோதனைக்காக டிஎச்சிபி சர்வர் ஒன்றைப் புதிதாக எழுப்பினால், அந்தச் சுவிட்சை அலுவலக நெட்வொர்க்கோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். மற்றவர்களின் கணினிகளுக்குத் தவறான முகவரி போய்ச்சேரும். நெட்வொர்க் பூட் முதலில் வரும்படி வைத்திருக்கும் ஒரு கணினி, டிஸ்க்கைத் துடைக்கும் உங்கள் விடைக் கோப்பை எடுத்துக்கொண்டால் அதன் தரவு திரும்ப வராது.

கேள்வி: 64 பிட் பிஇ-யிலிருந்து 32 பிட் விண்டோஸ் 10-இன் செட்அப்பை ஓட்டினால், தேவையான சப்சிஸ்டம் இல்லை என்கிறது.

பதில்: 64 பிட் பிஇ-க்குள் 32 பிட் நிரலை ஓட்டும் பகுதி கிடையாது. 32 பிட் விண்டோஸ் 10 ஐஎஸ்ஓ-வில் இருக்கும் பூட்.விம்-இலிருந்தே பூட் செய்து, பிறகு ஷேரில் இணையுங்கள். அல்லது 64 பிட் பிஇ-யிலேயே 'டிஸ்க்பார்ட்'டில் டிஸ்க்கைப் பிரித்து, 'டிஸ்ம்' கட்டளையின் 'அப்ளை இமேஜ்' மூலம் இன்ஸ்டால்.விம்-ஐ விரித்து, பூட் கோப்புகளை எழுதும் 'பிசிடிபூட்' ஓட்டுங்கள். செட்அப் இல்லாமலே வேலை முடியும்.